இடச்செவிக்கு எட்டியது

பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ் வாசிப்பாளராகிய ரிங்கோ ஸ்டார், ஏனை மூவரின் புகழில் ஒதுங்கி வாழ்ந்தவரென்றே யாம் விடுதியில் வாதிட்டு வந்தோம். அவர்களுடைய முதல் இசைத்தட்டிற் பத்துப் பாடல்கள் 1963 பிப்ரவரி 11-ஆம் நாள் இலண்டனில் ஒரே நாளிற் பதிவாயின. நாடாவில் இரு தடங்களே: ஒன்றில் வாத்தியம், மற்றொன்றிற் குரல். மோனோவாகக் கலத்தற்பொருட்டுப் பிரித்த அவை, ஸ்டீரியோத் தட்டில் இடமும் வலமுமாகப் பிரிந்தே நின்றுவிட்டன. செவிக்கு இனிமை குறைவுதான்; ஆராய்வார்க்கோ பெருவாய்ப்பு.

வலப்புற ஒலிபெருக்கியை அடக்கி, ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’ என்னும் பாடலைக் கேட்டோம். பால் மக்கார்ட்னியின் பேஸ் கித்தார் ஓயாது ஓடுகின்றது. குரலின் மறைவின்றித் தனித்து நின்ற தாளமோ யாண்டும் தளர்ந்திலது. நாணினோம்.

அதனினும் நாணத்தக்கது ஒன்றுண்டு. ரிங்கோவின் குறைக்குச் சான்றாக யாம் காட்டி வந்தது அத்தட்டிலுள்ள ‘லவ் மீ டூ’. அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஆண்டி வைட். ரிங்கோவின் கையிலிருந்தது கஞ்சிராவை ஒத்த டாம்பரின் மட்டுமே.