ஆட்டமும் ஆணையும்

ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் பாசறை வாழ்வைச் சித்திரிக்கும் பழைய ஆங்கிலப் படம் ஒன்றை அண்மையில் காண நேர்ந்தது. ரொனால்டு நீம் இயக்கத்தில் 1960இல் வெளிவந்த 'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி' என்பது அதன் பெயர். திரைப்படங்களில் நமக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காகவே உட்கார்ந்தோம். படம் முடிந்த பின்னர் நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

உடனிருந்த நம் மைத்துனர், "மச்சான், இதில் எதுதான் அசல்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. தொலைவில் தெரிவது உண்மையான ஸ்டர்லிங் கோட்டை. உள்ளே காண்பதோ ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பிய அரங்கு. படைப்பிரிவுக்குப் பெயரே இல்லை. ஸ்காட்லாந்துப் பேச்சும் செந்நிற முடியுமாக ஜாக் சின்கிளேர் வேடத்தில் வரும் அலெக் கின்னஸ், லண்டனில் பிறந்தவர். அவரோடு மோதும் பாரோவாக நடித்த ஜான் மில்ஸும் ஆங்கிலேயரே.

ஆனால், செய்தியைக் கேட்டதும் அறிவிப்பாளர் யாரென்று வினவுவது நாம் ஓதிய கல்வி தந்த பழக்கம். இக்கதையை 1956இல் நாவலாக எழுதி, பின்னர் திரைக்கதையையும் தாமே அமைத்த ஜேம்ஸ் கென்னவே ஸ்காட்லாந்துக்காரர். கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். ஸனது சரியாகத்தான் இருக்கிறது! அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் புதியவர் நுழைந்ததும் விழும் அந்த மௌனத்தை வெளியிலிருந்து எவரும் கற்பனை செய்துவிட முடியாது.

மைத்துனரின் கேள்வியையே படத்திலுள்ள மாந்தரும் தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர். ஜாக், பைப் வாத்தியம் வாசிக்கும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, போர்க்களத்தில் உயர்ந்து, தற்காலிகத் தளபதியாக இருப்பவர். நிரந்தரத் தளபதியாக வந்து சேரும் பாரோ உயர்கல்வி பெற்றவர். படைப்பிரிவுடன் முன்னோர் வழித் தொடர்புடையவர். ஜப்பானியரின் சிறைமுகாமில் வதைபட்டு மீண்டவர். வந்ததும் அவர் இடும் ஆணைகளுள் ஒன்று, அதிகாரிகள் யாவரும் ஹைலாண்டு நடனத்தை முறைப்படி பயில வேண்டும் என்பது. குதித்துக் கூவி ஆடுவது அவர்களது வழக்கம். நகரத்தாரை அழைத்த விருந்தில் ஜாக் அவ்வாறே ஆட, பாரோ எல்லோர் முன்னிலையிலும் வெடித்துச் சீறுகிறார். படைப்பிரிவின் மெய்யான மரபு ஏட்டில் உள்ளதா, வியர்வையோடு ஆடியவரின் கால்களில் உள்ளதா? படம் தீர்ப்புக் கூறவில்லை.

அக்காட்சியில் நாம் பாரோவின் பக்கமே நின்றோம். உறக்கம் வராததற்குக் காரணமும் அதுவே. முன்னொரு காலத்தில் ஒரு பாடசாலைக்குத் தலைமையேற்ற புதிதில், அரபு எழுத்துகளை இராகமிட்டுக் கற்பித்துவந்த முதியவர் ஒருவரை, மாணவர் செவியில் விழவே, "முறைப்படி நடத்துங்கள்" என்று பணித்தோம். இலக்கணம் நம் பக்கம் இருந்தது. மறுநாளும் அவர் நேரம் தவறாமல் வகுப்புக்கு வந்தார். இராகம் மட்டும் வரவில்லை.

ஜாக்கை நாம் நல்லவராக்கவில்லை. தம் மகளோடு ஓர் இளம் பைப் வாத்தியக்காரனைக் கண்டதும், சீருடையில் இருப்பவன் என்றும் பாராமல் அறைகிறார். பாரோ நடவடிக்கை எடுக்க முனைந்து, பின்னர் இளகிவிட, அந்த இளக்கமே அவருக்குப் பகையாகிறது. எஞ்சிய மதிப்பையும் இழந்து, தம் கைத்துப்பாக்கிக்கே இரையாகிறார்.

பாரோவின் இறுதி ஊர்வலத்தில் எந்தெந்தப் பைப் இசை எந்தெந்த இடத்தில் ஒலிக்க வேண்டுமென்று ஜாக் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறார். எவரும் கேட்டிராத பெருஞ்சிறப்பு. அதிகாரிகள் திகைத்து நிற்கின்றனர். பேசிக்கொண்டே இருந்தவர் இடையில் உடைந்து அழுகிறார். அவரை வண்டியில் ஏற்றிக் கோட்டைக்கு வெளியே கொண்டுசெல்கையில், வழிநெடுக நின்றவர்கள் விதி பிசகாமல் சல்யூட் வைக்கின்றனர்.