நிற்காத மணி

பணி ஓய்வுக்குப் பிறகு பேரனிடம் பைத்தான் கற்றுக்கொண்டேன். 34 வருடம் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்தவனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

போன வருடம் என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். கடிகாரம் பார்ப்பானேன், கம்ப்யூட்டரே மணி அடிக்கட்டும் என்று டிகின்டரில் ஒரு சின்ன ஜன்னல் செய்தேன். 'தொடங்கு', 'நிறுத்து' என்று இரண்டே பொத்தான்கள்.

முதலில் 'ஸ்லீப்' என்ற கட்டளையைப் போட்டேன். ஜன்னல் அப்படியே உறைந்துவிட்டது. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. பேரன் சிரித்துவிட்டு, "தாத்தா, 'ஆஃப்டர்' போடுங்க" என்றான். இத்தனை மில்லி செகண்ட் கழித்து இந்த வேலையைச் செய் என்று சொல்லிவைப்பதுதான் 'ஆஃப்டர்'. 2 மணி நேரம் என்றால் 72 லட்சம் மில்லி செகண்ட். அது ஒரு தடவைதான் செய்யும். அதனால் மணி அடித்து முடித்ததும் அடுத்த மணிக்கும் அதுவே சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வங்கி டோக்கன் மாதிரி ஓர் அடையாளம் தரும். அதைக் காட்டினால்தான் ரத்து செய்ய முடியும்.

ஒருநாள் காலை 8 மணிக்குத் தொடங்கினேன். எட்டரைக்குச் சந்தேகம், அழுத்தினோமா இல்லையா என்று. மறுபடியும் அழுத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

11 மணிக்குத் திரும்பி வந்தால், "என்னங்க, பத்து மணிக்கும் அடிச்சுது, பத்தரைக்கும் அடிச்சுது. ரெண்டு தடவையும் மருந்து விட்டுக்கிட்டேன்" என்றாள். எனக்குப் பகீரென்றது. உடனே 'நிறுத்து' அழுத்தினேன். அப்படியும் 12 மணிக்கு மணி அடித்தது!

டாக்டருக்குப் போன் செய்தேன். "ஒரு சொட்டு கூடினதால பயமில்லை, இனிமே கவனமா இருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

இரண்டு தடவை அழுத்தியதால் இரண்டு மணிகள் தனித்தனியாக ஓடியிருக்கின்றன. நான் டோக்கனை வைக்க ஒரே இடம்தான் ஒதுக்கியிருந்தேன். புது டோக்கன் வந்ததும் பழையது அழிந்துவிட்டது. 'நிறுத்து' கடைசி டோக்கனை மட்டும் ரத்து செய்தது. மற்றது பாட்டுக்கு ஓடியது. இப்போது 'தொடங்கு' அழுத்தினால், கையில் இருக்கும் டோக்கனை முதலில் ரத்து செய்துவிட்டுத்தான் புதிதாகச் சொல்லிவைக்கும்.

திருத்தியதைப் பெருமையாக அவளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் சரி. பேசாம நீங்களே பக்கத்துல உக்காந்து மருந்து விட்டிருக்கலாம்ல?"

மறுநாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். மணி அடிக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.