எங்கள் வீட்டு மோடம்

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா அகப்பட்டது. உள்ளே செல்லாத சாவிகள், அறுந்த கைக்கடிகார வார், இவற்றுக்கு நடுவே தகட்டினால் செய்த ஒரு மெல்லிய அட்டை.

"இது என்ன, தாத்தா? பழைய காலத்துப் பாங்கு அட்டையா?" என்று கேட்டாள் பேத்தி.

கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்தது. நீள அகலத்தில் அது பாங்கு அட்டையேதான், 85.6 மில்லிமீட்டருக்கு 54. கனத்தில் மட்டும் 5 மில்லிமீட்டர். "இது மோடம்" என்றேன். "மோடம் என்றால்?" என்றாள். பதில் சொல்ல ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். குழந்தையிடம் சொல்ல முடியாமற் போனதை நேயர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

1999-ஆம் வருஷம் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டு டெலிபோன் மனுப் போட்டு ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற செல்வப் பிள்ளை. அப்பா அதற்குத் தனியாக ஒரு முக்காலி செய்வித்து, மேலே பூ வேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தி, காலையும் மாலையும் தூசி தட்டி வைப்பார். மணி அடித்தால் வேறு யாரும் எடுக்கக் கூடாது, அவர்தான் எடுப்பார். "ஹலோ" என்று அவர் சொல்வது தெருக்கோடிக்குக் கேட்கும். தூரத்திலிருந்து பேசுகிறவர்களுக்கு உரக்கப் பேசினால்தான் கேட்கும் என்பது அவர் சித்தாந்தம்.

என் தம்பி அப்போது அமெரிக்காவில் உத்தியோகத்தில் இருந்தான். அங்கிருந்து கடிதம் வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். டெலிபோனில் பேசலாமென்றால், நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும் கட்டணத்தை நினைத்துப் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதி வந்தது 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி. அதை முதலில் அளித்தது விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் சர்க்கார் ஸ்தாபனம். 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளுக்கும் அநுமதி கிடைத்தது. ஆகவே மறு வருஷம் லீவில் வந்த தம்பி தன்னுடைய பழைய லாப்டாப் கம்ப்யூட்டரையும் இந்த அட்டையையும் என்னிடம் ஒப்படைத்து, "அண்ணா! இனிமேல் தபால்காரனை எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். எப்படிப் பொருத்துவது என்று சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டான்.

மோடம் செய்கிற வேலை இதுதான்: டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காக ஏற்பட்டது. விநாடிக்கு முந்நூறு முதல் மூவாயிரத்து நானூறு அதிர்வு வரையில் உள்ள சப்தந்தான் அதில் செல்லும். கம்ப்யூட்டருக்கோ தெரிந்தவை இரண்டே எழுத்து, பூஜ்யமும் ஒன்றும். அந்த ஊமையின் ஜாடைகளைப் பாட்டாக மாற்றிக் கம்பி வழியே அனுப்புவதும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் பாட்டை மறுபடி ஜாடையாக மாற்றுவதும் மோடத்தின் வேலை. மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு நீளப் பெயர்களில் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி ஒட்டவைத்ததுதான் அதன் பெயர்.

லாப்டாப்பின் விலாப்புறத்தில் சிறு கதவுடன் ஒரு பிளவு இருந்தது. அதில் அட்டையைச் செருகியதும், முதலில் தணிந்தும் பிறகு உயர்ந்தும் இரண்டு 'கிணிங்' ஒலிகள் கேட்டன. 'ஆகா, வேலை முடிந்தது!' என்று எண்ணினேன். அப்போதுதான் ஆரம்பம். 'புதிய சாதனம் ஒன்று வந்திருக்கிறது. அதன் டிரைவர் எங்கே?' என்று திரையில் ஒரு கேள்வி தோன்றிற்று. சாரதி இல்லாமல் தேர் ஓடாதல்லவா? சாரதி இருந்தது ஒரு பிளாப்பித் தட்டில். அதைப் போட்டால், பாதியில் விண்டோஸ் 98 வட்டத் தகடு வேண்டுமென்றது. அந்த லாப்டாப்பில் பிளாப்பிப் பெட்டிக்கும் வட்டத் தகட்டுப் பெட்டிக்கும் சேர்ந்து ஒரே பொந்து. ஒன்றைக் கழற்றினால்தான் மற்றொன்றைப் பொருத்தலாம். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழிந்தது. கடைசியில், அட்டைக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் அகச்சிவப்புக் கதிர் வாசல் என்ற வேறொரு சாதனம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு நாளும் உபயோகப்படாத ஆசாமி அது. அதன் கதவைச் சாத்திய பிறகு மோடம் உயிர் பெற்றது.

அடுத்தது கம்பி. அட்டையின் ஓரத்தை அழுத்தினால், உள்ளேயிருந்து ஒரு சின்ன நாக்கு வெளியே வரும். அதிலுள்ள சதுரத் துவாரத்தில் டெலிபோன் கம்பியின் முனையைச் செருக வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு டெலிபோன், சுவரில் திருகாணிகள் வைத்த ஒரு பெட்டியில் முடுக்கப்பட்டிருந்தது. திருகாணியைத் தளர்த்தி, புதுக் கம்பியின் இரண்டு இழைகளையும் விரலால் முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து யாரோ டெலிபோன் செய்தார்கள்.

டெலிபோன் கம்பியில் சாதாரணமாக 48 வோல்ட்டு மின்சாரம் நிற்கிறது. அது மனிதரை ஒன்றும் செய்வதில்லை. மணி அடிக்கும்போதோ எழுபத்தைந்து வோல்ட்டுக்கு மேல் போகிறது. இந்த விவரத்தை நான் புத்தகத்தில் படித்தது பின்னால். அநுபவத்தில் அறிந்தது அன்று. நான் போட்ட கூச்சலைக் கேட்டு அப்பா ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "டெலிபோனை நான் மட்டுந்தான் தொடலாம் என்று சொன்னேனே, கேட்டாயா?" என்றார்.

கம்பியும் பொருந்தியது, பொத்தானையும் அழுத்தினேன். 'டயல் டோன் இல்லை' என்றது யந்திரம். ரிஸீவரை எடுத்துக் கேட்டால், 'ர்ர்ர்' என்று அருமையாக ஒலிக்கிறது! இந்த மர்மம் விளங்க மூன்று நாள் ஆயிற்று. அமெரிக்க டெலிபோனில் கேட்கும் டயல் டோன் 350-உம் 440-உமாக இரண்டு சுருதி சேர்ந்தது. நம் தேசத்து டோன் வேறு: 400 அதிர்வுள்ள ஒரே சுருதி, அதுவும் விநாடிக்கு இருபத்தைந்து தரம் நடுங்குகிற சுருதி. அமெரிக்காவில் பிறந்த மோடத்தின் காதுக்கு அது டயல் டோனாகவே படவில்லை. 1981-இல் ஹேஸ் என்பவருடைய கம்பெனி தன் மோடத்துக்கு 'ஏ.டி.' என்று தொடங்கும் கட்டளைப் பாஷை ஒன்றை வகுத்தது. மற்றவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாஷையில் 'எக்ஸ்-3' என்று சேர்த்துவிட்டால், டோனுக்குக் காத்திராமல் மோடம் நேரே நம்பரைச் சுழற்றும். சேர்த்தேன். சுழற்றிற்று.

அப்புறம் எழுந்த சப்தம் இருக்கிறதே! முதலில் நீண்ட ஒரு சீழ்க்கை. பிறகு இரண்டு சுவர்க்கோழிகள் சண்டையிடுவது போல ஒரு கிறீச்சு. பிறகு வாணலியில் தண்ணீர் தெளித்தாற்போல் 'சொர்ர்ர்'. உடனே பூரண மௌனம். இரண்டு மோடங்களும், 'உனக்கு எத்தனை வேகம் வரும்? கம்பி எப்படி இருக்கிறது?' என்று விசாரித்துக்கொள்ளும் சம்பாஷணை அது. எங்கள் அட்டை விநாடிக்கு 33,600 பிட்டு வரை போகக்கூடியது. மாம்பலத்துக் கம்பியில் 28,800-க்கு மேல் போனதில்லை. தம்பிக்கு எழுதிய முதல் கடிதம் சென்றது. தமிழ் எழுத்து அங்கே சரியாகத் தெரியாது என்பதால், தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. பதில் மறு நாள் காலையில் வந்துவிட்டது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எழுத்தைப் பார்த்தால் அவன் எழுதினது மாதிரி இல்லையே!" என்று சொன்னாலும், இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

ஒரே ஒரு தொந்தரவு. நான் இணைப்பில் இருக்கும்போது அப்பா ரிஸீவரை எடுத்துவிடுவார். எடுத்தால் சம்பாஷணை குழம்பி இணைப்பு அறுந்துபோகும். "அப்பா! நான் முடிக்கிற வரையில் தயவு செய்து அதைத் தொடாதீர்கள்" என்று ஒரு நாள் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். இன்னொரு காரியமும் செய்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது கூப்பிட்டால் 'டிக்' என்று அறிவிக்கும் ஏற்பாடு எங்கள் டெலிபோனில் இருந்தது. அந்த 'டிக்'கும் மோடத்தைக் குழப்பும் என்று கேள்விப்பட்டு, அதை ரத்து செய்துவிட்டேன்.

மாயவரத்தில் அப்பாவின் தமக்கை, என் அத்தை, இருந்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஆவணி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. மறு நாள் இரவு எட்டரை மணிக்கு நான் மோடத்தின் முன் உட்கார்ந்தேன். தம்பிக்குக் கடிதம் அனுப்ப மூன்று நிமிஷம் பிடித்தது. அத்துடன் எழுந்திருக்கலாம். ஆனால் புதிய உலாவி ஒன்று இலவசமாகக் கிடைப்பதாகத் தெரிந்தது. இருபது மெகாபைட்டு. இறக்கத் தொடங்கினேன். எங்கள் வேகத்தில் அது ஒன்றரை மணிக்கு மேல் ஆகும் காரியம். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா இரண்டு தரம் வாசற்படி வரையில் வந்தார். திரையில் நகரும் நீலக் கோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். முக்காலியின் பக்கம் போகவே இல்லை.

பத்தரை மணிக்கு இணைப்பைத் துண்டித்தேன். இரண்டு நிமிஷத்தில் மணி அடித்தது. அத்தையின் மகன், அத்தான், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். எட்டே முக்காலிலிருந்து முயன்றுகொண்டிருந்தாராம். ஒவ்வொரு தடவையும் 'என்கேஜ்டு'. "அம்மாவுக்கு நினைவு இருந்தது. மாமாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு டெலிபோனை நீட்டக் கம்பியோடு கட்டிலண்டை கொண்டு வந்து வைத்திருந்தோம். இப்போது நினைவு இல்லை" என்றார்.

பாரிமுனைக்கு ஆட்டோ பிடித்து, நள்ளிரவு பஸ்ஸில் ஏறினோம். விழுப்புரம் தாண்டும் வரையில் அப்பா பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அந்த யந்திரம் எத்தனை நேரம் பேசிற்று?"

"இரண்டு மணி நேரம், அப்பா."

"யாருடன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடியும் கேட்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்கு ஒரு மணிக்கு முன்பே அத்தை போய்விட்டாள்.

ஊர் திரும்பியதும் 'டிக்' ஏற்பாட்டை மறுபடி வைத்துக்கொண்டேன். கடிதங்களை இணைப்பு இல்லாமலே எழுதி அடுக்கி வைத்து, நம்பரைச் சுழற்றி, எல்லாவற்றையும் அனுப்பி, வந்ததை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் துண்டித்துவிடுவேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அந்த வசதி முதலிலிருந்தே இருந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டு வந்தது. அதே கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் ஒன்றையொன்று தொடாமல் வேறு வேறு அதிர்வுகளில் சென்றன. அதைப் பார்க்க அப்பா இல்லை, 2003-இலேயே காலமாகிவிட்டார். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்னும் பெரிய கம்பெனியே டயல் செய்யும் இணைப்பை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது என்று பத்திரிகையில் படித்தேன்.

அப்பா இருந்த அந்த நாலு வருஷமும், நான் மோடத்தை எடுக்கும்போதெல்லாம் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் துண்டித்ததும் முக்காலியண்டை போவார். ரிஸீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அந்த 'ர்ர்ர்' வந்துவிட்டதா என்று சற்று நேரம் கேட்பார். மெதுவாகத் திரும்ப வைத்துத் துணியை இழுத்து மூடிவிட்டுத்தான் படுக்கப் போவார்.