தாமிரம் போகும் வழி

கிட்வே, சாம்பியா



சாம்பியாவின் தலைநகரான லுசாகாவிலிருந்து வடக்கே கப்வே, கபிரி ம்போஷி, என்டோலா ஆகிய ஊர்களின் வழியாகக் கிட்வே வரை செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு பகல் பயணம் செய்பவர், அந்நாட்டின் வரவுசெலவுக் கணக்கைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வடக்கிலிருந்து வரும் நீண்ட லாரிகளில் தாமிரத் தகடுகள் வருகின்றன. வடக்கு நோக்கிப் போகும் லாரிகளில் டீசலும் கந்தகமும் இயந்திர உதிரிகளும் போகின்றன. கேத்தோடு எனப்படும் அத்தகடு, அமிலக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தித் தாமிரத்தை மட்டும் தனியே படியவைக்கும் மின்பகுப்பு முறையில் சுத்திகரிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரமான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, உலோகப் பட்டையால் கட்டுகளாகக் கட்டப்பட்டிருக்கும். தாமிரம் கனமான உலோகம் என்பதால் முப்பது டன் ஏற்றிய லாரியும் பார்வைக்கு முக்கால்வாசி காலியாகவே தோன்றும். காலி வண்டி ஏன் இப்படி ஏற்றத்தில் திணறுகிறது என்று புதியவர் வியப்பதுண்டு.

அதே சாலையின் இரு ஓரங்களிலும் கரி மூட்டைகள் நிற்கின்றன. மியோம்போ எனப்படும் காட்டின் மரங்களை வெட்டி, மண்ணால் மூடி, உள்ளே தீயைப் புகையவிட்டு எடுக்கும் கரி அது. தமிழில் கரிமூட்டம் என்று சொல்லப்படும் அதே வேலைதான். சாக்கின் வாய்க்கு மேலும் கூம்பாகக் கரியை அடுக்கி, உதிராதபடி புல்லும் தழையும் வைத்துக் கயிற்றால் பின்னி நிறுத்தியிருப்பார்கள். தாமிர லாரி அந்த மூட்டைகளைக் கடந்து போகும்போது, டர்பன் அல்லது தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகும் பொருளும், இருபது முப்பது கிலோமீட்டருக்குள் விற்றுத் தீரும் பொருளும் சில அடி இடைவெளியில் இருக்கின்றன. சாம்பியாவின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாமிரத்திலிருந்து வருகிறது. 2022ஆம் ஆண்டின் அரசு வாழ்நிலைக் கணக்கெடுப்பின்படி மக்களில் 60 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்கின்றனர். கிராமப்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த விகிதம் 78.8; நகரங்களில் 31.9. கரி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கிராமப்புற எண்ணைச் சேர்ந்தவர்.

கப்வேயில் வண்டிகள் நிற்காமல் போய்விடுவதே வழக்கம். புரோக்கன் ஹில் என்ற பழைய பெயரில் 1900களின் தொடக்கம் முதல் 1994 வரை ஈயமும் துத்தநாகமும் எடுக்கப்பட்ட ஊர் அது. சுரங்கம் மூடப்பட்ட பின்னும் கழிவு மேடுகள் அப்படியே கிடக்க, அவற்றின் தூசி குடியிருப்புகளில் படிந்து, மண்ணில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகச் சேர்கிறது. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும், பாதித்ததைத் திருப்பிச் சரிசெய்ய இயலாது. 1925 முதல் 1974 வரை அச்சுரங்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்தின்மீது தென்னாப்பிரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை, கூட்டு வழக்காக நடத்த 2023 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது; பின்னர் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. தன்மீது பொறுப்பு இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். இதே சுரங்கத்தில் 1921இல் கிடைத்த ஆதிமனித மண்டையோடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது; சாம்பியா அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கபிரி ம்போஷியில் 1970களில் சீன உதவியுடன் கட்டப்பட்ட தசாரா இருப்புப்பாதை தொடங்குகிறது. தெற்கே வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியாவை நம்பாமல் தாமிரத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்வதற்காக, தார் எஸ் சலாம் வரை 1,860 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட பாதை அது. கடலற்ற நாட்டுக்குத் தாமிரம் தோண்டுவது பாதி வேலை, அதை வெளியே அனுப்புவது மறுபாதி.

இந்த நிலத்தில் தாமிரத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியர் என்ற கதை சுரங்க நகரங்களில் இன்னும் உலவுகிறது. 1902இல் ஒரு வெள்ளையர் சுட்ட மான் விழுந்த பாறையில் பச்சை நிறத் தாதுக்கறை இருந்ததாம். அந்த மானின் பெயரே லுவான்ஷியாச் சுரங்கத்துக்கும் வைக்கப்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கன்சான்ஷியில் மக்கள் தாமிரம் உருக்கினர் என்பதும், சிலுவை வடிவில் வார்த்த தாமிரக் கட்டிகள் இப்பகுதியில் பணமாகவே புழங்கின என்பதும் அந்தக் கதையில் இடம்பெறுவதில்லை. பிரிட்டிஷ் சவுத் ஆஃப்ரிக்கா கம்பெனி, அதாவது சிசில் ரோட்ஸ் தொடங்கிய பட்டயக் கம்பெனி, இங்குள்ள கனிம உரிமைக்கு ஆதாரமாகக் காட்டிய ஒப்பந்தங்களுள் முக்கியமானது 1890இல் லோசி மன்னர் லெவனிகாவுடன் செய்துகொண்டது; அவருடைய நாடோ மேற்கே சாம்பெசிச் சமவெளியில் இருந்தது, தாமிரப் பகுதி அவருடைய ஆட்சிக்குள் வந்ததே இல்லை. இருந்தும் வெட்டியெடுத்த ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி, அதாவது நிலத்தடிக் கனிமத்தின் உரிமையாளருக்குச் செல்லும் பங்குத்தொகை, 1964 வரை அந்தக் கம்பெனிக்கே போயிற்று. விடுதலை நாளான அக்டோபர் 24க்குச் சற்று முன்புதான் அது 40 லட்சம் பவுண்டு பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டது. அதில் பாதியைக் கொடுத்தது புதிதாகப் பிறந்துகொண்டிருந்த சாம்பியா. தன் மண்ணின் கனிமத்துக்குத் தானே விலை கொடுத்து, பட்டதாரிகள் நூற்றுச் சொச்சம் பேரே இருந்த நிலையில், அந்நாடு தொடங்கியது என்பதை நினைவில் வைத்துத்தான் பின்னால் நடந்த தவறுகளை எடைபோட வேண்டும்.

தவறுகள் நடக்கவும் செய்தன. அதிபர் கென்னத் கவுண்டாவின் அரசு 1969இல் சுரங்கங்களில் 51 விழுக்காட்டை நாட்டுடைமையாக்குவதாக அறிவித்தது. 1982இல் அவையெல்லாம் இசட்சிசிஎம் எனப்படும் ஒரே நிறுவனமாயின. கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா ஆகிய ஊர்களில் முதியவர்கள் இன்றும் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும் குரலில் ஒரு வீட்டுப் பெரியவரின் நினைவு தொனிக்கிறது: வீடு, மருத்துவமனை, பள்ளி, கால்பந்துக் குழு எல்லாம் சுரங்கம் கொடுத்தது, பல்பு எரியாமற்போனால்கூடச் சுரங்கத்து ஆள் வந்து மாற்றினார். 1970களின் நடுவில் தாமிர விலை சரிந்தபோது, அது சீக்கிரம் மீளும் என்று நம்பி அரசு கடன் வாங்கியது. விலை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மீளவில்லை, கடன் மட்டும் வளர்ந்தது. சுரங்கத்தின் லாபம் சுரங்கத்துக்குத் திரும்பாததால் 1969இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டியிருந்த உற்பத்தி, நூற்றாண்டு முடியும்போது இரண்டரை லட்சம் டன் அளவுக்கு வந்தது. சோளமாவு மானியத்தை வெட்டச் சொன்ன சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையால் 1986இல் இதே நகரங்களில் கலவரம் மூண்டது.

விலை அடிமட்டத்தில் இருந்த 1997க்கும் 2000க்கும் இடையில்தான் சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. விற்றாக வேண்டியவன் கேட்ட விலைக்குக் கொடுப்பது சந்தையில் புதிதல்ல. வரிவிகிதத்தைப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மாற்றுவதில்லை என்று எழுதிக் கொடுத்ததுதான் பெரிய இழப்பு. ‘வளர்ச்சி ஒப்பந்தங்கள்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆவணங்களின்படி ராயல்டி வெறும் 0.6 விழுக்காடு. 2006இல் உலகச் சந்தையில் தாமிரத்தின் சராசரி விலை டன்னுக்கு 6,700 டாலர் அளவில் இருந்தது. முப்பது டன் ஏற்றிய லாரி ஒன்றின் சரக்கு இரண்டு லட்சம் டாலர் பெறுமென்றால், அதற்கு நாட்டுக்குக் கிடைத்த ராயல்டி சுமார் 1,200 டாலர். விலை இறங்கியபோது நட்டத்தைச் சுமந்தது நாடு. ஏறியபோது லாபம் ஒப்பந்தத்தின் வேலிக்கு அப்பால் நின்றது. அதிபர் லெவி முவனவாசாவின் அரசு 2008இல் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, எதிர்பாராத விலையேற்றத்தால் வரும் லாபத்தின்மீது தனி வரி விதித்தது. அவர் இறந்த பிறகு, அடுத்த ஆண்டே அந்த வரி நீக்கப்பட்டது.

‘வளத்தின் சாபம்’ என்றொரு சொற்றொடர் பொருளியலாளர்களிடையே புழங்குகிறது. இயற்கைவளம் மிகுந்த நாடுகள் ஏன் பின்தங்குகின்றன என்பதற்கு அவர்கள் வைத்த பெயர். சாபம் என்றால் யாரோ முனிவர் கொடுத்தது போலத் தொனிக்கிறது. இங்கே நடந்தவை பெரும்பாலும் கையெழுத்தும் தேதியும் உள்ளவை. ஒரே உரிமையாளரின் இரண்டு நிறுவனங்களுள் ஒன்று மற்றொன்றுக்குக் குறைந்த விலையில் விற்று, லாபத்தை வரி குறைந்த நாட்டில் காட்டுவதைக் கைமாற்று விலையிடல் என்பர். மோபானி சுரங்கம் 2006 முதல் 2009 வரை தன் தாய் நிறுவனமான கிளென்கோருக்கு விற்ற தாமிரம் தொடர்பான அத்தகைய வழக்கில், 2020இல் சாம்பியாவின் உச்ச நீதிமன்றம் வரித்துறைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. விற்பனை நடந்து பத்தாண்டுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது.

சிங்கோலாவில் உள்ள கொன்கோலா காப்பர் மைன்ஸ் நிறுவனத்தைப் பற்றித் தமிழ் வாசகர் தனியே அறிய வேண்டும், ஏனெனில் அதன் 51 விழுக்காட்டை 2004இல் முதற்கட்டமாக 2.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய வேதாந்தா குழுமம்தான் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் உரிமையாளர். தூத்துக்குடியில் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில், சுரங்கக் கழிவால் தங்கள் ஆறும் வயலும் கெட்டன என்று வழக்கிட்ட சிங்கோலாப் பகுதிக் கிராமத்தார் தாய் நிறுவனத்தின்மீது இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

கிட்வேயின் விளிம்பில், வுசகிலே குடியிருப்பை ஒட்டி, பிளாக் மவுன்டன் என்று அழைக்கப்படும் கரிய மேடு ஒன்று எழுந்து நிற்கிறது. உருக்காலை பல பத்தாண்டுகளாகக் கொட்டிய கசடு, அதாவது தாமிரத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய உருகிய கல், ஆறி இறுகிய மலை அது. அன்றைய உலைகளால் முழுவதும் பிரிக்க இயலாத தாமிரம் அதில் இன்னும் இருப்பதால், ஜெராபோ என்று ஊர் மக்கள் அழைக்கும் இளைஞர்கள் கடப்பாரையும் சுத்தியலும் கொண்டு அதைக் குடைகின்றனர். உடைத்த கல்லைக் கையில் ஏந்தி எடை பார்ப்பதும், வெயிலில் திருப்பி அதன் பச்சை ஓட்டத்தைத் தேடுவதும், தேறியதைச் சாக்கில் போடுவதுமாக வேலை நடக்கிறது. இவர்களுள் பலர், பல்பு மாற்ற ஆள் வந்த அதே சுரங்க வீடுகளின் பேரப்பிள்ளைகள். 2018 ஜூனில் மேடு சரிந்து பத்துப் பேர் புதையுண்டு இறந்தனர். அதன்பிறகும் வேலை ஓயவில்லை. நாட்டின் தாமிரத்தில் நாட்டு மக்கள் தம் கையால் நேரடியாக எடுத்து விற்பது பெரும்பாலும் இத்தகைய எச்சத்திலிருந்துதான் என்பதும், அதற்கும் சட்டவிரோதம் என்ற பெயர் நீண்டகாலம் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

2025 பிப்ரவரி 18 அன்று, இவ்வூருக்கு அருகே சீன நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான சுரங்கக் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்து, அமிலக் கழிவு முவம்பஷி ஓடை வழியாகக் கஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கிட்வேக்குக் குழாய்நீர் நிறுத்தப்பட்டது. ஆற்றின் அமிலத்தை முறிக்க அரசு சுண்ணாம்பைக் கொட்டியது.

கணக்குப் புத்தகங்களில் சாம்பியா ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 2005இல் பழைய கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது. 2011இல் உலக வங்கி அதை நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது. 2012 முதல் 2015 வரை மூன்று முறை வெளிநாட்டுச் சந்தையில் டாலர் கடன்பத்திரங்கள் விற்று 300 கோடி டாலர் திரட்டியது. 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் நின்றது. 2022இல் குறைந்த வருமான நாடு என்று இறக்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் ஏற்றப்பட்டது. 2021இல் ஆட்சிக்கு வந்த ஹகைண்டே ஹிச்சிலெமா கல்விக் கட்டணத்தை நீக்கினார், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை நியமித்தார், தொகுதி வளர்ச்சி நிதியை 16 லட்சம் குவாச்சாவிலிருந்து 2.57 கோடியாக உயர்த்தினார். வகுப்பறைகள் பிள்ளைகளால் பிதுங்குகின்றன என்பது இதன் குறையும் பெருமையும் ஆகும். தாமிர உற்பத்தியை ஆண்டுக்கு முப்பது லட்சம் டன்னாக்குவது அவருடைய அரசின் இலக்கு. மின்வாகனங்களுக்குத் தாமிரம் தேவைப்படுவதால் வாங்க ஆள் உண்டு; அங்கோலாவின் லொபிடோ துறைமுகத்துக்குப் புதிய இருப்புப்பாதைக்கு மேற்குநாடுகளும், பழைய தசாராவைப் புதுப்பிக்கச் சீனாவும் முன்வந்திருக்கின்றன. இரண்டு பாதைகளும் தாமிரத்தை வெளியே கொண்டுசெல்வதற்கானவை. கம்பியாகவும் மோட்டாராகவும் உள்ளூரிலேயே மாற்றும் ஆலைகளைப் பற்றிய பேச்சுக்கு இவ்வளவு போட்டியில்லை.

மாலையில் கிட்வேயின் குடியிருப்புச் சந்தைகளில் கந்தெம்பா எனப்படும் பலகைக் கடைகளில் கூட்டம் சேர்கிறது. இங்கு உணவென்றால் ன்ஷிமா, அதாவது வெள்ளைச் சோளமாவில் கிண்டிய கெட்டிக் களி. தொட்டுக்கொள்ளக் கீரையோ, நெத்திலிக் கருவாட்டை ஒத்த கபென்டாவோ. மாவு ஆலைகள் பெரும்பாலும் 25 கிலோ மூட்டையாக விற்கின்றன; அதை ஒரே தடவையில் வாங்கப் பணமில்லாதவர்களுக்காகக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைக்கிறார், அதற்குப் பமேலா என்று பெயர். கிலோவுக்குக் கணக்கிட்டால் பமேலாவின் விலை மூட்டையைவிட அதிகம். 2024இல் வறட்சியால் நாட்டின் சோளப் பயிரில் ஏறத்தாழ பாதி கருகி, அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் தேசியப் பேரிடர் அறிவிக்கப்பட்டது. அதே வறட்சியில் கரிபா நீர்த்தேக்கம் வற்றி, நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பிய நாட்டில் மின்வெட்டு பல மணிநேரம் நீண்டது. சுரங்கங்களே நாட்டின் மின்சாரத்தில் பாதியளவை நுகர்கின்றன.

மின்சார அடுப்பு வைத்திருக்கும் வீடுகளின் வாசலிலும் அதனால் ம்பவுலா இருக்கிறது: பக்கங்களில் துளையிட்ட தகர அடுப்பு. சிறுவர்கள் அதன் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிக் கனலை மூட்டுகின்றனர். அதில் எரிவது கப்வேச் சாலையோரத்தில் புல்லால் வாய் கட்டி நின்றது போன்ற மூட்டைகளின் கரி.