கார்த்திகை அகலும் பெட்ரோல் குழாயும்

பழம் பொருள்களின் மேல் ஆசை வைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அந்தப் பொருளின் குறைகளையெல்லாம் குணங்களாகவே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இதை நாம் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. சொந்த அனுபவத்தில் சொல்கிறோம்.

நம் வீட்டு மோட்டார் கொட்டகையில் எம்.ஜி. டி.ஸி. வண்டி ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஆபிங்டன் என்னும் ஊரில், 1945 முதல் 1949 வரையில் சுமார் 10,000 வண்டிகள் இந்த ரகத்தில் செய்தார்கள். நம்முடையது 1948-ஆம் வருஷத்தியது. இரண்டே பேர் உட்காரலாம். கம்பிச் சக்கரங்கள், துணிக் கூரை, 1,250 கன சென்டிமீட்டர் எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டர், முதுகில் மூட்டை கட்டியது போல் வெளியே தெரியும் பெட்ரோல் தொட்டி. தகப்பனார் விட்டுச் சென்ற சொத்துக்களில் வரும்படி எதுவும் தராமல் செலவை மட்டுமே தருவது இது ஒன்றுதான். ஆகையால் இதனிடத்தில் நமக்கு அபிமானம் அதிகம்.

இந்த வண்டியில் பெட்ரோலை இழுத்துத் தருவது ஒரு சிறிய மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் அது 'டிக், டிக்' என்று கடிகாரம் போல் அடிக்கும். நம் பேத்திக்கு ஏழு வயது. அந்தச் சத்தத்தைக் கேட்பதில் அவளுக்கு அலாதி ஆனந்தம். போன கார்த்திகைத் தீபத்தன்று மாலையும், "தாத்தா, டிக் டிக் போடுங்கள்!" என்று வந்து நின்றாள். போட்டோம். பம்பு ஓயாமல் அடித்தது. "இத்தனை வயசிலும் என்ன சுறுசுறுப்புப் பார்த்தாயா!" என்று பெருமையடித்துக் கொண்டோம். கொட்டகையில் பெட்ரோல் வாசனை வந்தது. சில மாதங்களாகவே வந்து கொண்டிருந்தது. பழைய வண்டி என்றால் வாசனை இருக்கத்தானே இருக்கும் என்பது நம் சித்தாந்தம்.

பொழுது சாய்ந்தது. வீட்டம்மாள் வாசலில் கோலமிட்டு அகல்களை ஏற்றினாள். பேத்தி இரு கைகளிலும் இரண்டு அகல்களை ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்துக் கொட்டகையை நோக்கி நடந்தாள். வண்டிக்கும் விளக்கு வைக்க வேண்டுமாம். கொட்டகை வாசற்படிக்கு இன்னும் பத்தடி இருக்கும். "நில்லடி, குழந்தே!" என்று ஒரு குரல் கேட்டது. வீட்டம்மாள் அப்படிக் கத்தி நாம் கேட்டதில்லை. ஓடிச் சென்று அகல்களை வாங்கிக் கீழே வைத்துக் கையாலேயே அணைத்தாள். பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே சென்று பார்த்தோம். எஞ்சினுக்கு அடியில் தரை ஒரு முழ அகலத்துக்கு நனைந்திருந்தது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். அகல் விளக்கும் தரையில்தான் இருக்கிறது. அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரியாருக்கு ஆள் அனுப்பினோம். எழுபது வயதைக் கடந்தவர். தகப்பனார் காலத்திலிருந்து இந்த வண்டியை அறிந்தவர். விஷயத்தைக் கேட்டதும், "பம்பு நிற்காமல் அடிச்சுதா?" என்றார். அடித்தது என்றோம். "கார்புரேட்டர் ரொம்பினா அது தானே நின்னுடணும், ஸார். எஞ்சின் ஓடாதபோது அடிச்சுக்கிட்டே இருந்தா, எங்கேயோ பெட்ரோல் வெளியே போகுதுன்னு அர்த்தம்" என்றார். நாம் சுறுசுறுப்பு என்று எண்ணியது உண்மையில் வண்டி போட்ட கூக்குரல்!

வண்டியைத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தினார். பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பக்கத்தில் ஒரு வாளி மணலும், தீயணைக்கும் பொடி அடைத்த கருவியும் வைத்துக்கொண்டார். தண்ணீர் கூடாதாம், பெட்ரோல் அதன்மேல் மிதந்து நெருப்பைப் பரப்பிவிடும். பிறகே பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றினார். வெளியே உலோக இழைகளால் நெய்த உறை பளபளவென்று இருந்தது. கத்தியால் கீறிப் பிரித்தார். உள்ளே ரப்பர் வெயிலில் காய்ந்த வற்றல் போல் பாளம் பாளமாக வெடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் சூடேறும் புகைபோக்கியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இத்தனை நாளும் அவ்விரண்டுக்கும் நடுவே என்ன நடந்து கொண்டிருந்தது என்று நினைக்கவே உடல் நடுங்கியது.

குற்றம் வண்டியைச் செய்தவர்களுடையதல்ல. ரப்பருக்கும் ஆயுள் உண்டு. போதாக்குறைக்கு, 2023-ஆம் வருஷம் முதல் நம் தேசத்தில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிப்பது அது. பழங்காலத்து ரப்பர் அதைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

"கசிகிற ஒரு குழாயை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டோம். லோப புத்தி எளிதில் விடுமா? மேஸ்திரியார் சிரித்தார். "எல்லாத்துக்கும் ஒரே வயசு, ஸார். ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வழியனுப்ப வந்த மாதிரிதான்."

எல்லாவற்றையும் மாற்றினோம். எத்தனாலைத் தாங்கும் புளோரோ ரப்பர் உட்பூச்சுள்ள புதுக் குழாய் வாங்கினோம், அதன்மேல் 'எஸ்.ஏ.ஈ. ஜே 30 ஆர் 9' என்ற குறி அச்சிட்டிருக்கும். துருப்பிடித்த நீண்ட உலோகக் குழாயையும் விட்டுவைக்கவில்லை. ரப்பரைக் கடிக்காத கவ்விகளைப் போட்டு, அளவோடு முடுக்கினார்.

கடைசியில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். பம்பு படபடவென்று அடித்தது. பிறகு நிதானித்தது. டிக்... டிக்... டிக். நின்றது. பத்து நிமிஷம் காத்திருந்தோம். மேஸ்திரியார் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றி எடுத்துக் காட்டினார். காகிதம் உலர்ந்தே இருந்தது. மறுநாள் நாலு மைல் ஓட்டிவிட்டு மீண்டும் சோதித்தார்.

பேத்திக்குத்தான் வருத்தம். "டிக் டிக் ஏன் சீக்கிரம் நின்னுபோச்சு, தாத்தா?" என்றாள். நின்றால்தான் நல்லது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இப்போதெல்லாம் எண்ணிப் பார்த்து, அது நின்றதும் கை தட்டுகிறாள்.

வெடித்த அந்தப் பழைய குழாயை நாம் எறியவில்லை. வீட்டம்மாள் எறிய விடவில்லை என்பதே உண்மை. நம் எழுத்து மேஜையின் மேல் அதை வைத்திருக்கிறாள். "பழசென்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று நாம் எதைப் பற்றியாவது சொல்லத் தொடங்கினால், ஒன்றும் பேசாமல் அதை எடுத்து நம் முன்னே நகர்த்தி வைக்கிறாள்.