மதீனாவோடு நின்ற தண்டவாளம்

டமாஸ்கஸ் நகரின் நடுவே, வர்ணக் கண்ணாடி ஜன்னல்களும் சித்திர வேலைப்பாடமைந்த மர விதானமும் கொண்டு ஒரு சிற்றரண்மனைபோல் விளங்கும் ஹிஜாஸ் ஸ்டேஷனுக்குத் தன் பெயரைத் தந்து, தெற்கே 1,302 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடந்து, நபிகள் நாயகம் அடக்கமாகியிருக்கும் மதீனாவில் சென்று முடிந்த இருப்புப்பாதையின் கதையைச் சொல்லப் புகுந்தால், ஒன்பதே ஆண்டுகள் வாழ்ந்து அண்டை நாட்டில் கரைந்துபோன ஒரு ராஜ்யத்தின் கதையையும் கூடவே சொல்லியாக வேண்டும். பாதைக்கும் ராஜ்யத்துக்கும் பெயர் ஒன்றுதான்: மக்காவும் மதீனாவும் அடங்கிய பிரதேசத்தின் பெயரான ஹிஜாஸ். உறவோ ஜன்மப் பகை.

டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஹஜ் யாத்திரிகர்கள் ஒட்டகங்களில் ஏறத்தாழ நாற்பது நாள் சென்ற வழியை மூன்று நான்கு நாட்களாகச் சுருக்கிவிடும் புண்ணிய நோக்கமும், தூரத்து அரபு மாகாணங்களுக்கு நினைத்தபோது பட்டாளம் அனுப்பும் ராஜதந்திர நோக்கமும் ஒருங்கே கொண்டு, துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900-இல் இந்த வேலையைத் தொடங்கினார். ஐரோப்பிய முதலாளிகளிடம் கடன் வாங்குவதில்லை என்று தீர்மானித்து, உலகெங்குமுள்ள முஸ்லிம்களிடம் அவர் கை நீட்டியபோது, எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நன்கொடைகள் போய்ச் சேர்ந்தன. அது போதாமல், சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் சம்பளத்திலும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. பக்தி எங்கே முடிந்து வரி எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது அக்காலத்துக் கணக்கர்களுக்கே கஷ்டமாயிருந்திருக்கும். நம் ஊர் மீட்டர் கேஜைக் காட்டிலும் ஐந்து சென்டிமீட்டர் மட்டும் அகலமான அந்தப் பாதையை, மைஸ்னர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயரின் மேற்பார்வையில், பெரும்பாலும் துருக்கிச் சிப்பாய்களே கூலிகளாக நின்று போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைக்குப் பதிலாக இரும்புக் கட்டைகளையே நெடுந்தூரம் பதித்தார்கள். இந்த இரும்புக் கட்டையைப் பற்றிப் பின்னால் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

வழியில் 123-ஆவது கிலோமீட்டரில் தெரா. அங்கிருந்துதான் மத்தியதரைக் கடலோரத்து ஹைஃபாவுக்கு 1905-இல் கிளைப்பாதை திறந்தது. அடுத்து அம்மான், இன்று ஒரு நாட்டின் தலைநகரமாயிருக்கும் அது அந்நாளில் சர்க்காசியர் குடியேறிய சிற்றூர். அதை அடுத்துள்ள பத்து வளைவுக் கல்பாலத்தைத் தாண்டினால், 459-ஆவது கிலோமீட்டரில் மஆன் வருகிறது. நாம் தேடி வந்த ராஜ்யம் வடக்கே தன் எல்லை என்று உரிமை கொண்டாடிய பிரதேசம் இதுதான். ஆகவே, வண்டியை இங்கே சற்று நிறுத்திக்கொள்வது நல்லது.

பாதை மதீனாவை எட்டிய 1908-ஆம் ஆண்டிலேயே மக்காவின் அமீராக நியமனம் பெற்று வந்து சேர்ந்தவர் ஷரீபு ஹுஸைன் பின் அலி. மதீனாவிலிருந்து மக்கா வரையில் பாதையை நீட்டிவிட வேண்டும் என்று துருக்கியர் விரும்பினார்கள். அவரோ ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். யாத்திரிகர்களுக்கு ஒட்டகம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் பதூவிகள் தங்கள் சோற்றில் மண் விழும் என்று அஞ்சினார்கள். ஷரீபோ, ரயில் வந்தால் அதன் பின்னாலேயே பட்டாளமும் வந்து தம் அதிகாரம் பறிபோகும் என்று அஞ்சினார். வருமானத்தில் ஒரு பங்கு தருவதாக ஆசை காட்டியும் அவர் மசியவில்லை. 1916 ஜூன் 10-ஆம் தேதி, ஆங்கிலேயரின் பொன்னையும் வாக்குறுதியையும் நம்பி, மக்காவில் அவர் கலகக் கொடி உயர்த்தியபோது, நகரத்துத் துருக்கிப் படை சில வாரங்களில் பணிந்தது. மதீனாவிலோ, ரயில் இருந்த காரணத்தால், முதல் உலக யுத்தம் முடிந்த பிறகுங்கூடத் துருக்கிக் கொடி பறந்தது. ரயில் எட்டாத இடத்தில்தான் ராஜ்யம் பிறந்தது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ‘அரபு நாடுகளின் மன்னர்’ என்று அவர் தம்மைப் பிரகடனம் செய்துகொள்ள, நேச தேசத்தார் ‘ஹிஜாஸ் மன்னர்’ என்ற அளவுக்கே அங்கீகாரம் தந்தார்கள். ராஜ்யம் என்றால் தபால் தலை வேண்டாமா? கெய்ரோவில் அதுவும் அச்சாயிற்று: மன்னரின் முகமில்லை, அந்நிய எழுத்து ஒன்றுமில்லை, எகிப்தின் பழைய பள்ளிவாசல்களின் சித்திர வேலையைத் தழுவிய கொடிப்பின்னலுக்கு நடுவே அரபு எழுத்து மட்டும். அந்தச் சின்னஞ்சிறு காகிதத் துண்டில் இருந்த கம்பீரம் கஜானாவில் இருந்ததில்லை.

மஆனுக்குத் தெற்கே பாதை வெறும் பாலையில் இறங்குகிறது. ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக, துப்பாக்கி நீட்டும் துவாரங்களோடு கோட்டைபோல் கட்டிய கல் ஸ்டேஷன்கள். 572-ஆவது கிலோமீட்டரில் முதவ்வரா. அதற்குச் சற்றுத் தெற்கே ஹல்லத் அம்மாரில் 1917 செப்டம்பரில் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அரபு வீரர்களும் ரயிலைக் கவிழ்த்த சம்பவம் பிரசித்தம். இரும்புக் கட்டையைப் பற்றிச் சொல்லவிருந்த செய்தி இங்கே வருகிறது. தண்டவாளத்தை வெட்டினால் துருக்கியர் வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்திவிடுவார்கள் என்று கண்டவர்கள், பிற்காலத்தில், உட்குழிந்த இரும்புக் கட்டையின் நடுவயிற்றுக்கு அடியில் சிறு வெடியைப் புதைத்தார்கள். வெடித்ததும் கட்டை பூமொட்டுப்போல் மேலே குமிழ்ந்து, இருபுறத் தண்டவாளங்களையும் தன்பக்கம் இழுத்து முறுக்கிவிடும். முறுக்கிய இரும்பை நிமிர்த்துவது சுலபமன்று. ஆயினும் பாதையை அடியோடு அழிப்பது அவர்கள் நோக்கமன்று. மதீனாப் படை சாகாமலும் நகராமலும் அங்கேயே கிடக்கும்படி, ரயில் நொண்டிக்கொண்டேனும் ஓடட்டும் என்பதே யுக்தி.

தபூக்கைத் தாண்டி, நபத்தியர் பாறையில் குடைந்த கல்லறைகள் நிற்கும் மதாயின் ஸாலிஹையும், 980-ஆவது கிலோமீட்டரில் அல் உலாவையும் கடந்தால், அப்பால் முஸ்லிம் எஞ்சினீயர்களே வேலை செய்த புனித பூமி. மதீனாவைக் காத்து நின்ற ஃபக்ரி பாஷா, நபிகளார் அடக்கத்தலத்துப் பொக்கிஷங்களை 1917-இல் இதே ரயிலில் இஸ்தான்புலுக்கு அனுப்பினார்; நகரத்து மக்களிலும் பெரும்பாலோரை இதே ரயிலில் ஏற்றி வடக்கே வெளியேற்றினார். யுத்தம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேலாகியும் பணிய மறுத்த அவரை, 1919 ஜனவரியில் அவருடைய சொந்த அதிகாரிகளே பிடித்துக் கொடுத்தார்கள்.

மதீனா இவ்வாறு ஹுஸைனின் கைக்கு வந்தது. பாதையோ தாறுமாறாக முறிந்து கிடந்தது. 1920-இல் அவருடைய மகன் அப்துல்லா இதே வழியாக மஆன் வந்து, பிறகு அம்மானில் தனி ஆட்சி அமைத்தார். வடக்கோடு தம்மை இணைத்திருந்த ஒரே நரம்பைத் தாமே அறுத்துக்கொண்ட மன்னர் ஹுஸைன், வெர்சேல்ஸ் உடன்படிக்கையை ஏற்கவும் மறுத்து, ஆங்கிலேயர் தந்துவந்த உதவிப் பணத்தையும் இழந்தார். வாக்குத் தவறியவர்களிடம் கையெழுத்திட மாட்டேன் என்றது உயர்ந்த பிடிவாதமே. ஆனால் கிழக்கே நஜ்து நாட்டின் அதிபர் இப்னு ஸவூத் காத்திருக்கையில் அது கட்டுப்படியாகக் கூடியதன்று. அவருடைய இக்வான் படையினருக்குத் தண்டவாளம் தேவையில்லை, ஒட்டகமே போதும். 1919 மே மாதத்தில் துரபாவில் அப்துல்லாவின் பாசறையை விடியுமுன் பாய்ந்து அழித்தபோதே, அவர்கள் வரப்போவதை அறிவித்துவிட்டார்கள்.

1924 மார்ச்சில் துருக்கியர் கிலாபத்தை ஒழித்த சில தினங்களிலேயே ஹுஸைன் தம்மைக் கலீபா என்று சொல்லிக்கொண்டது, துருக்கியருக்கு எதிராகக் கிளம்பியவர் என்று முன்பே அவர்மேல் மனக்கசப்புக் கொண்டிருந்த நம் நாட்டுக் கிலாபத் இயக்கத்தாரை மேலும் கொதிக்க வைத்தது. செப்டம்பரில் இக்வான் படையிடம் தாயிஃப் வீழ்ந்து, கொலையும் கொள்ளையும் நடந்தன. அக்டோபர் 3-ஆம் தேதி, ஜித்தாப் பிரமுகர்களின் வற்புறுத்தலால், ஹுஸைன் முடியை மூத்த மகன் அலிக்கு விட்டுக்கொடுத்தார். அம்மாதத்திலேயே மக்கா சண்டையின்றிப் பணிந்தது. மறு ஆண்டு, நாம் வண்டியை நிறுத்திய மஆனும், செங்கடல் துறையான அகபாவும் அம்மான் ஆட்சியோடு சேர்க்கப்பட்டன. மகனுக்கே போனதென்றாலும் ராஜ்யத்துக்கு அது நஷ்டந்தானே. 1925 டிசம்பர் தொடக்கத்தில் மதீனா சரணடைந்தது. சில தினங்களில் ஜித்தாவும் விழ, அலி ஈராக்குக்குப் போய்ச் சேர்ந்தார். 1926 ஜனவரி 8-ஆம் தேதி மக்காவில் இப்னு ஸவூத் ஹிஜாஸின் மன்னராக ஏற்கப்பட்டார்.

ஆனால் அவர் அந்தப் பெயரை உடனே அழித்துவிடவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஹிஜாஸும் நஜ்தும் ஒரே மன்னரின் கீழ் இரட்டை நாடுகளாகவே எழுதப்பட்டு வந்தன. 1932 செப்டம்பரில் பிறந்த ஓர் ஆணைதான் இரண்டையும் சேர்த்து ஸவூதி அரேபியா என்றாக்கியது. மஆனுக்குத் தெற்கே மணல் மூடிய பாதையைத் திரும்பப் போடுவதற்கு 1960-களில் தொடங்கிய முயற்சியும் 1967 அரபு-இஸ்ரேல் யுத்தத்தோடு நின்றது. மதீனா ஸ்டேஷன் இப்போது காட்சிசாலை. 2018 முதல் மதீனாவிலிருந்து ஜித்தா வழியாக மக்காவுக்கு அதிவேக ரயில் ஓடுகிறது. ஷரீபு ஹுஸைன் அத்தனை பிடிவாதமாய்த் தடுத்து நிறுத்திய அந்த மிச்சத் தூரத்தை யாத்திரிகர்கள் இப்போது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் கடந்துவிடுகிறார்கள்.