மடியில் நெருப்பு

மே மாத மத்தியானம். ராத்திரிக்குள் ஒரு கம்பெனியின் 3 வருஷக் கணக்கை எக்ஸெல்லில் முடித்தால்தான் எனக்கு வீட்டு வாடகை. மெத்தை மேல் இருந்த லேப்டாப் ஹெலிகாப்டராக இரைந்தது. அப்புறம் மாட்டுவண்டி வேகம். பி.காம். மூளைக்கு உடனே தோன்றியது: வைரஸ்! கடைக்கு ஓடினேன்.

பையன் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே கம்பளி மாதிரி தூசி.

"சிப்பு 100 டிகிரி கிட்டப் போனா, கருகாம இருக்க தானே வேகத்தைக் குறைச்சுக்கும் சார். காத்து போற ஓட்டையை மெத்தை வேற அடைச்சிருக்கும்."

சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆபீஸில் நம்மை யார் விடுகிறார்கள்? பொறாமையாக இருந்தது.

தூசி தட்டி, சிப்புக்குப் புது பேஸ்ட் தடவினான். கணக்கு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது லேப்டாப் மேஜை மேல், நாலு மூலையிலும் பாட்டில் மூடி முட்டுக் கொடுத்து, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. டேபிள் ஃபேனும் அதன் பக்கம்தான். வியர்வை மட்டும் என் பங்கு.